மெட்டு இருந்தது, பாட்டு இல்லை!

1919-ம் ஆண்டின் தொடக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல்.

நியூயார்க் நகரில் 119-வது தெருவில் உள்ள ஒரு வீட்டு வாசலில் இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவனுக்கு வயது 16. பள்ளிக்கூட மாணவன். அவன் தலை நிறைய மெட்டுகள் இருந்தன. ஆனால் அந்த மெட்டுகளுக்கு வார்த்தை இல்லை.

கூட வந்தவர் அவனுடைய அண்ணனின் சிநேகிதர். பாட்டு எழுதத் தெரிந்த ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார், மெட்டுப் போட ஆள் கிடைக்காமல் அவரும் திண்டாடுகிறார் என்று சொல்லி, பையனை அழைத்து வந்திருந்தார்.

கதவு திறந்தது.

திறந்தவர் ஐந்து அடி உயரத்துக்கு மேல் இருக்க மாட்டார். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. சவரம் செய்யாத முகம். விருந்துக்குப் போகிறவர்கள் அணியும் கால்சட்டை. காலிலோ வீட்டுச் செருப்பு. வயது 23.

அந்த மாணவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இசை அமைப்பாளர் ரிச்சர்டு ராட்ஜர்ஸ். கதவைத் திறந்தவர் லாரன்ஸ் ஹார்ட். எல்லோரும் அவரை லாரி என்றே கூப்பிடுவார்கள்.

'சவுண்டு ஆப் மியூசிக்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்து ரசித்தவர்கள் நம் ஊரிலும் ஏராளமாக உண்டு. அந்தப் படத்தின் மெட்டுகள் எல்லாம் ராட்ஜர்ஸ் போட்டவை.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ராட்ஜர்ஸ் 1902-ம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி நியூயார்க்கில் பிறந்தார். தந்தை டாக்டர். தாயார் பியானோ வாசிப்பதில் கெட்டிக்காரர்.

தந்தைக்கும் தாய்க்கும் நாடகப் பைத்தியம். பாட்டு நிறைந்த நாடகம் எது நடந்தாலும் பார்க்கப் போவார்கள். திரும்பும்போது, அந்த நாடகத்தின் பாட்டுப் புத்தகத்தைக் கொட்டகை வாசலிலேயே விலைக்கு வாங்கி வருவார்கள். தாயார் வாசிக்க, தந்தை பாடுவார். பையன் பக்கத்தில் நின்று கேட்பான். கேட்டதைத் தானாகவே பியானோவில் வாசிக்கவும் பழகிக்கொண்டான்.

அண்ணன் தந்தையைப் போல டாக்டர் ஆனார். தம்பிக்கோ மெட்டுத்தான் எல்லாம்.

பள்ளியில் படிக்கும்போதே சிறு சிறு சங்கங்கள் நடத்திய நாடகங்களுக்கு அவர் இசை அமைத்தார். பாட்டு எழுத யாராவது கிடைத்தால் எழுதச் சொல்வார். கிடைக்காவிட்டால் தாமே ஏதாவது எழுதி ஒப்பேற்றுவார். அந்த வார்த்தைகள் அவருக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை 119-வது தெருவுக்கு வந்தார்.

அன்று நடந்தது இதுதான்: ராட்ஜர்ஸ் பியானோவில் உட்கார்ந்து தம் மெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஹார்ட் கேட்டார். பிறகு ஹார்ட் பேசினார், ராட்ஜர்ஸ் கேட்டார்.

பேச்சு முழுவதும் பாட்டைப் பற்றித்தான். நம் தமிழ்ப் பாட்டில் அடியின் தொடக்கத்தில் எதுகை வரும். ஆங்கிலப் பாட்டில் அடியின் முடிவில் ஓசை ஒத்து வரும். அந்தக் காலத்துப் பாட்டு ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரியான சொற்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாட்டை முடித்து வந்தார்கள். கேட்கிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்பது ஹார்ட்டின் கோபம். அடியின் நடுவிலும் ஓசை ஒத்து வரலாம், இரண்டு மூன்று அசைகள் சேர்ந்து ஒத்து வரலாம் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். 16 வயதுப் பையனுக்கு அது ஒரு புது உலகமாக இருந்தது.

அன்றே இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். அந்தக் கூட்டு 24 ஆண்டுகள் நீடித்தது.

துணிக்கடை வேலை

அதே ஆண்டிலேயே அவர்களுடைய ஒரு பாட்டு, பணம் கொடுத்துப் பார்க்கும் பெரிய நாடகம் ஒன்றில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு ஒரு முழு நாடகம் கிடைத்தது. ஆனால் அரங்கேற்றத்தன்று கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், அவர்களுடைய பாட்டுகளில் பாதியைக் காணோம்! தயாரிப்பாளர் அவற்றை எடுத்துவிட்டு, பேர் பெற்ற வேறொருவரின் பாட்டுகளைச் சேர்த்திருந்தார்.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ராட்ஜர்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அதை விட்டு இசைப் பள்ளியில் சேர்ந்தார். கூட்டாளிகள் இருவரும் தயாரிப்பாளர்களின் வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

1925-ம் ஆண்டு ராட்ஜர்ஸ் மனம் உடைந்துபோனார். வயது 22. இன்னும் தந்தையின் பணத்தில்தான் சாப்பாடு. குழந்தைகளுக்கான உள்ளாடைகளை மொத்தமாக விற்கும் வியாபாரி ஒருவர், வாரம் 50 டாலர் சம்பளத்தில் வேலை கொடுப்பதாகச் சொன்னார். ராட்ஜர்ஸ் வேலைக்குப் போய்விடுவது என்றே ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். யோசித்துச் சொல்ல ஒரு நாள் அவகாசம் மட்டும் கேட்டார்.

அந்த அவகாசத்துக்குள் ஒரு டெலிபோன் வந்தது. 'தியேட்டர் கில்டு' என்ற நாடக சங்கம் புதுக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் திரைச்சீலைகள் வாங்கப் பணம் வேண்டும். சங்கத்தின் இளம் நடிகர்கள் ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்த நினைத்தார்கள். இசை அமைக்க முடியுமா என்று கேட்டார்கள்.

உள்ளாடை வியாபாரம் அதோடு போயிற்று.

1925-ம் ஆண்டு மே 17-ந் தேதி அந்த நிகழ்ச்சி நடந்தது. ஒரே நாளில் இரண்டு காட்சிகள் மட்டும் என்று ஏற்பாடு. ஜனங்கள் விடவில்லை. 211 காட்சிகள் ஓடியது. நியூயார்க் நகரத்தைப் பற்றி ஹார்ட் எழுதிய 'மான்ஹாட்டன்' என்ற பாட்டு ஊரெல்லாம் பரவியது.

மெட்டு முன்னே, பாட்டு பின்னே

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நம் சினிமா உலகில் அடிக்கடி கேட்பார்கள். ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் மெட்டுக்குப் பாட்டுக் கட்சி. முதலில் ராட்ஜர்ஸ் மெட்டுப் போடுவார். ஹார்ட் அதைக் கேட்டுவிட்டு, கையில் கிடைத்த காகிதத்தில், பழைய கடித உறையாக இருந்தாலும் சரி, மளமளவென்று எழுதித் தள்ளுவார். அவ்வளவு வேகமாக, அவ்வளவு அழகாக எழுத வேறு ஆள் கிடையாது.

ஒரு தடவை இருவரும் பாரீஸ் நகரில் இரண்டு பெண்களுடன் வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரே வந்த வண்டி மோதுவதுபோல் வந்து மயிரிழையில் தப்பியது. பயந்துபோன ஒரு பெண், தன் இதயமே நின்றுவிட்டது என்று அலறினாள். உயிர் தப்பியதைப் பற்றி ஹார்ட்டுக்குக் கவலை இல்லை. அந்தச் சொல் ஒரு பாட்டுக்கு நல்ல தலைப்பு ஆயிற்றே என்றார்! ராட்ஜர்ஸ் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார். பிறகு அந்தத் தலைப்புக்கு மெட்டுப் போட்டு ஹார்ட்டிடம் வாசித்துக் காட்டினார். தலைப்பைச் சொன்னதே ஹார்ட்டுக்கு மறந்துவிட்டிருந்தது. அந்தப் பாட்டு 1927-ல் லண்டனில் பிரமாதமாகப் பேர் வாங்கியது.

'புளூ மூன்' என்ற பாட்டின் கதை இன்னும் வேடிக்கையானது. ஹாலிவுட்டில் ஒரு படத்துக்காக ராட்ஜர்ஸ் அந்த மெட்டைப் போட்டார். ஹார்ட் வார்த்தை எழுதினார். படத்தில் சேரவில்லை. வேறு படத்துக்காக வேறு வார்த்தை எழுதினார். அதுவும் வெட்டப்பட்டது. மூன்றாவது தடவை எழுதியது படத்தில் வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை. மெட்டு நன்றாயிருக்கிறது, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு காதல் பாட்டு எழுதுங்கள் என்று பாட்டுப் பதிப்பாளர் வற்புறுத்தினார். நான்காவது தடவை எழுதினார். ஒரே மெட்டு, நான்கு பாட்டுகள். அந்த நான்காவதுதான் 'புளூ மூன்'.

தேடிப் பிடிக்கும் வேலை

ஹார்ட் எழுத உட்கார்ந்தால் எழுதிவிடுவார். அவரை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு.

காலையில் வருவதாகச் சொன்னால் மத்தியானம் வருவார். வந்த சற்று நேரத்தில் சிகரெட்டு வாங்கவோ சுருட்டு வாங்கவோ வெளியே போவார். அவ்வளவுதான், ஆள் மாயம்! ராட்ஜர்ஸ் ஊரெல்லாம் தேடிப் பிடித்து வர வேண்டும். அந்த முதல் நாளிலேயே தமக்கு ஒரு நண்பரோடு ஒரு தலைவலியும் சேர்ந்து கிடைத்ததாகப் பிற்காலத்தில் ராட்ஜர்ஸ் எழுதினார்.

தலைவலிக்குக் காரணம் குடி.

ஹார்ட் தங்கமான மனிதர். எந்த விருந்திலும் பணம் கொடுப்பவர் அவர்தான். ஆனால் தம் குள்ள உருவத்தைப் பற்றி அவருக்குத் தீராத மனக்குறை. ஒரு நடிகையை மணக்க ஆசைப்பட்டார், அவர் மறுத்துவிட்டார். அந்தக் காலத்தில் வெளியே சொல்ல முடியாத வேறு துயரங்களும் அவர் மனத்தில் இருந்தன. கடைசி வரை தாயாருடன்தான் வாழ்ந்தார். உலகம் பாடும் காதல் பாட்டுகளை எழுதியவர், தம்மை யாரும் விரும்பமாட்டார்கள் என்றே நம்பினார்.

1930-ல் ராட்ஜர்ஸ் மணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. அவர் காலையில் எழுந்து, ஒழுங்காக உடுத்தி, அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி வேலை செய்வார். ஹார்ட்டின் வாழ்க்கையோ நாளுக்கு நாள் சீரழிந்தது. 1942-ல் ஹார்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ராட்ஜர்ஸ் அங்கேயே ஓர் அறை எடுத்து, பியானோவும் வைத்து, அவரைப் பாட்டு எழுத வைத்தார்.

இருவரும் சேர்ந்து அதுவரை 500-க்கும் மேற்பட்ட பாட்டுகளைப் படைத்திருந்தார்கள். இனி?

பண்ணை வீட்டில்

ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் என்ற பாட்டாசிரியரை ராட்ஜர்ஸுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அண்ணன் படித்த கொலம்பியா கல்லூரியில் நடந்த நாடகத்தைப் பார்க்கப் போனபோது, அதில் நடித்த ஹாமர்ஸ்டைனை அறிமுகம் செய்துவைத்தார்கள். ஹார்ட் பிறந்த அதே 1895-ல் பிறந்தவர்தான் இவரும். மற்றபடி இருவரும் இரு துருவங்கள். ஹாமர்ஸ்டைன் ஆறு அடிக்கு மேல் உயரம். நிதானமானவர். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பண்ணை வாங்கி, காலையில் எழுந்து, உயரமான மேஜை ஒன்றின் முன் நின்றுகொண்டே எழுதுவார்.

1941-ல் ராட்ஜர்ஸ் அந்தப் பண்ணைக்குப் போய்த் தம் கஷ்டத்தைச் சொன்னார்.

அப்போது ஹாமர்ஸ்டைனின் நிலை என்ன தெரியுமா? 1927-ல் 'ஷோ போட்' என்ற நாடகத்தால் பெரும் புகழ் பெற்றவர், அதன் பிறகு பல ஆண்டுகளாகத் தோல்விமேல் தோல்வி கண்டு வந்தார். அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று நாடக உலகம் பேசியது. ராட்ஜர்ஸோ புகழின் உச்சியில் இருந்தார். அவரே வலிய வந்திருக்கிறார். வேறொருவராக இருந்தால் உடனே கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

ஹாமர்ஸ்டைன் அப்படிச் செய்யவில்லை. ஹார்ட்டால் எழுத முடிகிற வரை அவரோடுதான் இருக்க வேண்டும், கைவிட்டால் அவர் தாங்கமாட்டார் என்று புத்தி சொன்னார். பாதியில் ஹார்ட்டால் முடியாமல் போனால், மீதியைத் தாம் எழுதிக் கொடுப்பதாகவும் சொன்னார். வெளியே பெயர் வேண்டாம், இது நம் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும் என்றார். ராட்ஜர்ஸ் நிம்மதியோடு ஊர் திரும்பினார்.

கண்ணீர்

1942-ல் தியேட்டர் கில்டு மறுபடியும் வந்தது. 1925-ல் வாழ்வு கொடுத்த சங்கம் இப்போது கடனில் தத்தளித்தது. ஓக்லகோமா என்ற பிரதேசத்து விவசாயிகளையும் மாடு மேய்ப்பவர்களையும் பற்றிய ஒரு பழைய நாடகத்தைப் பாட்டு நாடகமாக்க விரும்பியது.

ஹார்ட்டுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. மெக்சிகோவுக்குப் போகப் போவதாகச் சொன்னார்.

ஒரு பதிப்பாளரின் அலுவலகத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஹார்ட்டின் முகம் வெளுத்திருந்தது. பல நாள் தூக்கமில்லாத கண்கள். ராட்ஜர்ஸ் அவரை ஒரு சிகிச்சை இல்லத்தில் சேரும்படி கெஞ்சினார். தாமும் கூடவே வந்து தங்குவதாகவும், அங்கேயே இருவரும் வேலை செய்யலாம் என்றும் சொன்னார். ஹார்ட் தலையை ஆட்டிவிட்டார். அப்படியானால் வேறொருவரை வைத்து எழுத வேண்டியிருக்கும் என்றார் ராட்ஜர்ஸ். யார் என்று ஹார்ட் கேட்டார். ஹாமர்ஸ்டைன் என்றார்.

ஹார்ட் கோபப்படவில்லை. அவரைவிடச் சிறந்த ஆள் உனக்குக் கிடைக்கமாட்டார் என்று சொன்னார். எழுந்து வெளியே போய்விட்டார்.

ராட்ஜர்ஸ் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து அழுதார்.

மூன்று வாரம், பத்து நிமிஷம்

புதிய கூட்டில் எல்லாம் தலைகீழாக மாறியது. ஹாமர்ஸ்டைன் பாட்டுக்கு மெட்டுக் கட்சி. முதலில் வார்த்தையை எழுதிக் கொடுப்பார். அதற்கு ராட்ஜர்ஸ் மெட்டுப் போட வேண்டும். 24 ஆண்டுப் பழக்கத்தை ராட்ஜர்ஸ் 40-வது வயதில் மாற்றிக்கொண்டார்.

நாடகத்தின் முதல் பாட்டு, ஓர் அழகான காலைப் பொழுதைப் பற்றியது. ஹாமர்ஸ்டைன் பண்ணையில் இருந்துகொண்டு மூன்று வாரம் அதை எழுதினார். ராட்ஜர்ஸ் பத்தே நிமிஷத்தில் மெட்டுப் போட்டுவிட்டார்!

அந்தக் காலத்துப் பாட்டு நாடகங்களில் திரை விலகியதும் நடனப் பெண்கள் கூட்டமாக வந்து ஆடுவார்கள். இந்த நாடகத்தில் ஒரு வயதான பெண்மணி தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருப்பார். எங்கேயோ தூரத்தில் ஒருவன் பாடிக்கொண்டு வரும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் தொடக்கம்.

1943-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி 'ஓக்லகோமா!' அரங்கேறியது. 2,212 காட்சிகள் ஓடியது.

முதல் நாள் பார்வையாளர்களில் ஒருவர் லாரி ஹார்ட். தாயாருடன் வந்திருந்தார். கைதட்டிச் சிரித்து ரசித்தார். விருந்து நடந்த ஓட்டலில் ராட்ஜர்ஸைத் தேடி வந்து, மனதாரப் பாராட்டினார். தாம் வேண்டாம் என்று தள்ளிய நாடகம் அது. அன்று இரவு அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கத்தான் முடியும்.

சில வாரங்களில் ஹார்ட்டின் தாயார் இறந்துபோனார்.

அவரைத் தேற்றுவதற்காக, இருவரும் முன்பு எழுதிய ஒரு நாடகத்தை ராட்ஜர்ஸ் மீண்டும் மேடை ஏற்றினார். ஹார்ட் புதுப் பாட்டுகள் எழுதினார். பழைய திறமை குறையவே இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் மறுபடி குடி. நவம்பர் 17-ந் தேதி அரங்கேற்றத்தன்று கொட்டகையின் பின்புறம் நின்றுகொண்டு, நடிகர்களோடு சேர்ந்து உரக்கப் பாடத் தொடங்கினார். இப்படி ஏதாவது நடக்கலாம் என்று பயந்து ராட்ஜர்ஸ் முன்கூட்டியே இரண்டு ஆட்களை நிறுத்தி வைத்திருந்தார். அவர்கள் ஹார்ட்டை வெளியே அழைத்துப் போனார்கள்.

மேல்கோட்டு இல்லாமல் குளிரில் அலைந்ததால் ஹார்ட்டுக்கு நிமோனியா கண்டது. நவம்பர் 22-ந் தேதி ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 48.

நாடகத்தைக் காப்பாற்ற வேண்டியது ராட்ஜர்ஸின் பொறுப்பு. ஆனாலும் அந்த இரண்டு ஆட்களை நிறுத்தியது அவர்தான்.

விளம்பரம்

ஹாமர்ஸ்டைன் வெற்றியை எப்படிக் கொண்டாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். 1944-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாடகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். தம்முடைய தோல்வி நாடகங்களின் பெயர்களை வரிசையாகப் போட்டு, அவை எத்தனை வாரத்தில் படுத்தன என்றும் குறிப்பிட்டு, முன்பு செய்ததை மறுபடியும் செய்ய முடியும் என்று ரசிகர்களுக்கு உறுதி கூறியிருந்தார்!

'காரூசல்', 'சவுத் பசிபிக்', 'தி கிங் அண்டு ஐ' என்று இந்தக் கூட்டு பெரும் வெற்றிகளைக் கண்டது. ஆனால் ஹார்ட்டிடம் இருந்த நெருக்கம் இங்கே இல்லை. ஒரு தடவை ஹாமர்ஸ்டைன் வாரக்கணக்கில் பாடுபட்டு ஒரு பாட்டு எழுதி, ஆள் மூலம் அனுப்பினார். பதிலே இல்லை. சில நாள் கழித்து ராட்ஜர்ஸ் டெலிபோனில் வேறு ஏதேதோ வியாபார விஷயம் பேசிவிட்டு, கடைசியில், அந்தப் பாட்டு சரியாக வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். ஹாமர்ஸ்டைன் அதை ஒரு நண்பரிடம் சொல்லி வேதனைப்பட்டார். ராட்ஜர்ஸ் மனம் விட்டுப் பேசாதவர். அவரும் பிற்காலத்தில் மனச்சோர்வுக்கும் குடிக்கும் ஆளாகி, 1957-ல் சிகிச்சை பெற வேண்டியிருந்தது.

இருவரும் சேர்ந்து செய்த கடைசி நாடகம் 'சவுண்டு ஆப் மியூசிக்'. 1959-ம் ஆண்டு நவம்பரில் அரங்கேறியது. அப்போதே ஹாமர்ஸ்டைனுக்கு வயிற்றில் புற்றுநோய். அவர் எழுதிய கடைசிப் பாட்டு, 'எடல்வைஸ்' என்ற சின்ன வெள்ளைப் பூவைப் பற்றியது. அது ஆஸ்திரியா நாட்டின் பழைய நாட்டுப் பாடல் என்றே பலர் நினைக்கிறார்கள். 1960-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி அவர் காலமானார்.

மூன்றாவது ஆள்

ராட்ஜர்ஸுக்கு 58 வயது. மறுபடியும் மெட்டு இருந்தது, பாட்டு இல்லை.

பள்ளி நாட்களில் செய்ததுபோல், தாமே எழுதத் துணிந்தார். 1962-ல் வந்த 'நோ ஸ்டிரிங்ஸ்' நாடகத்துக்கு இசை, பாட்டு இரண்டும் அவரே. நாடகம் 580 காட்சிகள் ஓடியது. 'சவுண்டு ஆப் மியூசிக்' 1965-ல் படமாக வந்தபோது, அதற்கென்று சேர்த்த இரண்டு புதுப் பாட்டுகளும் அவர் தாமே எழுதியவைதான்.

ஆனாலும் தனியாக இருக்க அவரால் முடியவில்லை. அதே 1965-ல் ஸ்டீபன் சாண்டைம் என்ற இளம் பாட்டாசிரியருடன் சேர்ந்தார். சாண்டைம் சிறுவனாக இருந்தபோது அந்தப் பண்ணை வீட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்து, ஹாமர்ஸ்டைனிடமே பாட்டு எழுதக் கற்றவர். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று எல்லோரும் நினைத்தார்கள். இருவருக்கும் ஒத்துக்கொள்ளவே இல்லை. சண்டையில் முடிந்தது.

பிறகும் ஒருவர் மாற்றி ஒருவருடன் சேர்ந்து பார்த்தார். மாரடைப்பு வந்தது. தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். வேறு விதமாகப் பேசப் பழகிக்கொண்டு, மெட்டுப் போடுவதைத் தொடர்ந்தார். 1979-ல்கூட ஒரு புது நாடகம் வந்தது. நீண்ட நாள் ஓடவில்லை.

அந்த ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, 'ஓக்லகோமா!' மீண்டும் நியூயார்க்கில் மேடை ஏறியது. அதே வெண்ணெய் கடையும் காட்சி, அதே பத்து நிமிஷத்து மெட்டு. டிசம்பர் 30-ந் தேதி ராட்ஜர்ஸ் காலமானார். வயது 77. அவருடைய நாடகம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.